வேப்பம்பூத் தும்மல்

வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேச்சு அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

துக்கம் கேட்க வருகிறவர்கள் முதலில் தரையைப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒரு பெருமூச்சு. அப்புறம் வெயில்.

"சித்திரை பொறக்கறதுக்கு முந்தியே இந்தப் போடு போடுதுங்க."

"மாம்பிஞ்செல்லாம் வெம்பிக் கொட்டுது."

"எங்கூட்ல எல்லாருத்துக்கும் ஒரே சளி. வேப்பம்பூ வந்தாலே இப்பிடித்தான்."

வெயில், மாம்பிஞ்சு, சளி. காற்றைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுக்கவில்லை.

வந்தவர்களில் இரண்டு பேருக்கு வாழைத்தோட்டம். அன்றைய சூறைக்காற்றில் ஒரு வாழை மிச்சமில்லை. அதைக்கூடப் பேசாமல் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாவமாக இருந்தது அவளுக்கு. பாவம் என்று தெரிந்தது, அவ்வளவுதான். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"ஒரு பாட்டம் அழுதுட்டா தேவல" என்று பக்கத்து வீட்டு சுலோச்சனா அக்கா யாரிடமோ மெதுவாகச் சொன்னாள். அதுவும் காதில் விழுந்தது.

பங்குனியில் வாசல் வேம்பு பூத்தால் அவளுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். ஒன்று வந்தால் வரிசையாக வரும்.

"வந்துருச்சு உன்ர ரயிலு" என்பார் அவள் வீட்டுக்காரர்.

வெளியே கிளம்பும்போது அவள் தும்மிவிட்டால் திரும்பி வந்து உட்கார்வார். செருப்பைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். சகுனத்துக்காக என்று ஒப்புக்கொள்ள மாட்டார். தாகம் என்பார்.

அன்றைக்கு அவளுக்குத் தும்மல் மாத்திரை வாங்கத்தான் கிளம்பினார்.

வண்டியை உதைத்தபோது தும்மினாள்.

"இதுக்கெல்லாம் உக்காந்தா நான் இன்னைக்குப் போனாப்பலதான்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மாத்திரை வாங்கியாயிற்று. திரும்பும் வழியில் காற்று பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு புளியமரம்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் பிந்தியிருந்தால், மரம் வெறும் ரோட்டில் விழுந்திருக்கும்.

அவளுக்குள் இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கோபம் இல்லை, அழுகை இல்லை. அது பாட்டுக்கு ஓடியது.

மாத்திரை அட்டை அவர் சட்டைப்பையில் நனையாமல் இருந்தது. அதை இப்போது அலமாரியில் வைத்திருக்கிறாள். பிரிக்கவில்லை. பிரிக்கத் தேவையும் இல்லை. வாசல் வேம்பு அந்தக் காற்றோடு மொத்தப் பூவையும் உதிர்த்துவிட்டது. அதற்கப்புறம் அவளுக்கு ஒரு தும்மல் இல்லை. சனியன், வந்த வேலை முடிந்ததும் போய்விட்டது.

ஜன்னல் ஒரு தரம் படாரென்று அடித்தது.

பேச்சு நின்றது.

வெளிச்சம் மங்கியது. எங்கோ மழை பெய்கிற மண் வாசனை உள்ளே வந்தது. எல்லோருக்கும் தெரிந்தது.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள்தான். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வேகமாக நடந்தார்கள்.

கடைசியாக எழுந்தவர் மெடிக்கல் கடைக் குழந்தைவேலு. அந்த மாத்திரையைக் கொடுத்தவர். வந்ததிலிருந்து கதவோரமாகவே உட்கார்ந்திருந்தார். வெயிலைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

"கடையில பொண்ணு தனியா இருக்குது" என்றார் சுலோச்சனா அக்காவிடம்.

படியிறங்கிச் செருப்பை மாட்டினார். ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். வேம்பு தலையை விரித்து ஆடியது. அவர் போக வேண்டியது அந்தப் பள்ளிக்கூடத்து ரோடுதான். அங்கே இன்னும் இரண்டு புளியமரங்கள் நிற்கின்றன.

போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அன்றிலிருந்தே பேச்சு வரவில்லை.

மூக்கில் அரிப்பு ஒன்றும் இல்லை.

மூச்சை இழுத்தாள்.

தும்மினாள்.

அது தும்மல் மாதிரியே இல்லை. சுலோச்சனா அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள்.

குழந்தைவேலு அப்படியே நின்றார். வேம்பைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க அம்மிணி."

சுலோச்சனா அக்கா எழப்போனாள். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். டம்ளரை எடுத்தாள். பார்த்தாள். அதை வைத்துவிட்டுச் சொம்பை எடுத்து நிறைய மொண்டாள்.

அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். மெதுவாகக் குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் நடுவில் நிறுத்தினார்.

வெளியே முதல் துளிகள் விழுந்தன. காற்று ஓட்டுக்கு மேலே ஓடியது. தூரத்தில் ஏதோ முறியும் சத்தம் கேட்டது.

சொம்பு காலியானது. அவர் அதைக் கீழே வைத்தார். எழுவதற்காகக் கையைத் தரையில் ஊன்றினார்.

அவள் மறுபடியும் தும்மினாள்.