இலக்கம் இல்லாத கணக்கு

"இது கணக்கெண்டா, இலக்கம் எங்க?"

சோதனைச் சாவடிப் பொறுப்பதிகாரி கொப்பியை மேசையில் விரித்துப் போட்டார். ஸகியா குனிந்து பார்த்தாள். மேலிருந்து கீழே ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு கட்டம். கட்டங்களுக்குள் ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகள் மாறிமாறி நிறைந்திருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

சுவரோரத்து வாங்கில் அவளுடைய மாணவி கிருசாந்தி குந்தியிருந்தாள். திருக்கோவிலிலிருந்து பல்கலைக்கழகக் கெம்பசுக்கு வந்துகொண்டிருந்தவளை ஏழு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். இப்போது பதினொரு மணி. பையைக் கொட்டியபோது இந்தப் பக்கம் அகப்பட்டதாம். இரகசியச் செய்தி என்று இவர்கள் சொல்ல, எழுத்தை வைத்துக் கணக்குப் போடும் அட்சரகணிதப் பாடம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் படிப்பிக்கிறவரே வந்து சொல்லட்டும்; இல்லையென்றால் பின்னேர வண்டியில் விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்பிவிடுவோம் என்று கெம்பசுக்கு அழைப்பு போயிருக்கிறது.

விரிவுரையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்த ஸகியாவுக்கு வழி நெடுகக் கோபம் பத்திக்கொண்டு வந்தது. சுனாமி வந்து நாலு வருடமாகியும் வகுப்பு தகரக் கொட்டகைக்குள்தான் நடக்கிறது. அந்தக் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் மூன்று இடத்தில் இறங்கி ஏற வேண்டும். வடக்கில் சண்டை முடியப்போகிறதாம். இங்கே கொப்பிக்கும் அடையாள அட்டை கேட்பார்கள் போலிருந்தது.

அவள் முதல் வரிசையின் எழுத்துகளை விரலால் தொட்டு எண்ணினாள். முகம் சிவந்துவிட்டது.

"இதில இலக்கம் வராது, சேர். இந்த அட்சரகணிதத்தில எழுத்து எதுவாயும் இருக்கலாம்."

"எதுவாயும் எண்டா? துவக்காயும் குண்டாயும் இருக்கலாமோ?"

ஸகியா பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். கிழமைக்கு ஏழு நாள். திங்களோடு மூன்று நாளைக் கூட்டினால் வியாழன். வியாழனோடு ஐந்தைக் கூட்டினால் செவ்வாய். எத்தனையைக் கூட்டினாலும் அந்த ஏழு நாளுக்கு வெளியே போக முடியாது. இப்படித் தங்களுக்குள்ளேயே சுற்றிவரும் பொருள்களைப் பற்றியதுதான் பாடம். பொருள் எதுவென்பது முக்கியமில்லை, அது நடந்துகொள்ளும் விதம்தான் முக்கியம். முதல் வருடப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே தனக்கு மூன்று கிழமை போனது என்றும் சொன்னாள்.

அவர் நாட்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

"நீங்க முஸ்லிம். இந்தத் தமிழ்ப் பிள்ளைக்காக ஏன் இவ்வளவு கதைக்கிறீங்க?"

"என்ட வகுப்பில படிக்கிற புள்ள, சேர். வேற யார் வந்து கதைக்கிற?"

சொன்ன வேகத்திலேயே அவள் கிருசாந்தியின் பக்கம் திரும்பினாள். வாய்க்கு வந்தபடி ஏசினாள். போன சோதனையில் முப்பத்திரண்டு புள்ளி எடுத்ததை அங்கே வைத்தே சொல்லிக் காட்டினாள். இப்படியொரு பயிற்சியைக் கொப்பியில் வைத்துக்கொண்டு பஸ் ஏற வெட்கமில்லையா என்று கேட்டாள். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மூலையில் பெரிதாக ஒரு பூச்சியம் போட்டாள். கிருசாந்தி தலையைத் தூக்கவே இல்லை.

பொறுப்பதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். அவரும் எந்தப் பள்ளிக்கூடத்திலோ கணக்கு வாத்தியாரிடம் நன்றாக வாங்கியிருக்க வேண்டும். பூச்சியம் விழுந்த கணக்கு எனக்கு எதற்கு என்று கொப்பியை மூடி அவளிடமே நீட்டினார்.

ஆனால் ஒரு தாளும் நீட்டினார். 'இது நான் படிப்பிக்கும் பாடம்' என்று எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். பிறகு பொய்யென்று தெரிந்தால் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவோம் என்பதையும் மரியாதையாகவே சொன்னார். ஸகியா பெயரை எழுதினாள், விலாசத்தை எழுதினாள், அடையாள அட்டை இலக்கத்தை எழுதினாள், ஒப்பம் வைத்தாள்.

வெளியே வந்து மணல் மூட்டைகளைத் தாண்டி விறுவிறென்று நடந்தாள். கிருசாந்தி பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள். சந்தி திரும்பியதும் நன்றி சொல்ல வாயெடுத்தவளை ஸகியா நிறுத்தினாள்.

"கதைக்காத. வரிசைக்கு ஏழு கட்டம், ஆனா நீ வெச்சிரிக்கிறது ஆறு எழுத்து. ஒரே வரிசையில ஒரே எழுத்து ரெண்டு தரம் வருது. நான் படிப்பிச்ச அட்டவணையில அப்பிடி வரவே வராது. பார்த்த உடனே எனக்கு விளங்கிட்டு. பொய்யெண்டு தெரிஞ்சிதான் ஒப்பம் வெச்சிட்டு வாறன். இது என்னெண்டு இப்ப சொல்லு."

கிருசாந்தி வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"தம்பி, மிஸ். பதினாறு வயசு. எங்கட பக்கம் சண்டைக்கெண்டு பொடியன்மாரைப் பிடிச்சிட்டுப் போறாங்க. சுனாமிக்குப் பிறகு எனக்கெண்டு இருக்கிறது அவன் மட்டும்தான். ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு வீட்டில ஒளிச்சு வைக்கிறம். ஒரு கட்டம் ஒரு நாள், ஒரு எழுத்து ஒரு வீடு. கேட்ட ஆக்களில ஆறு வீட்டுக்காரர்தான் ஓம் எண்டவங்க."

ஸகியா கக்கத்திலிருந்த கொப்பியை உருவினாள். இந்தப் பெண் மேல் கோபம். அந்த மேசைக்காரர் மேல் கோபம். பதினாறு வயதுப் பிள்ளையைத் தேடி வீடு வீடாக வருகிறவர்கள் மேல் அடக்க முடியாத கோபம். கொப்பியைத் திறந்து அவள் கையில் திணித்தாள்.

"ஒரு கிழமையில ஒரே வீட்டுக்கு ரெண்டு தரம் போனா அயலுக்குத் தெரிஞ்சிரும், மடச்சி," என்றாள் கோபம் தணியாமலே. "ஏழாவதா ஜி எண்டு எழுது, அது சாய்ந்தமருதில எங்கட வீடு."