குளிரத்தானே போறோம்!

"இதென்ன, காய்கறி வாங்கவா கிளம்பிட்டே?"

நாத்தனாரின் தோளில் தொங்கிய ஒற்றைத் துணிப்பையைப் பார்த்துத்தான் அண்ணி அப்படிக் கேட்டாள்.

பனி கொட்டுகிற மலைக்குக் குடும்பத்தோடு முதல் பயணம். வேன் வருகிற நேரம். அண்ணி ஒரு மாதமாகவே தயார். கணவனுக்கு ஸ்வெட்டர், பிள்ளைகளுக்கு உள்ளே போட, மேலே போட, அதற்கும் மேலே போட. குரங்குக் குல்லா, கையுறை, வெந்நீருக்கு ஃபிளாஸ்க், அது உடைந்தால் இன்னொரு ஃபிளாஸ்க்.

"ஒரு ஸ்வெட்டராவது எடுத்தியாடி?"

"இல்லை."

"விறைச்சுப் போயிடுவே."

"விறைக்கட்டுமே! சலவைக் கடையில நாள் பூரா நீராவியில வெந்துக்கிட்டிருக்கேன். எனக்குப் பல்லு கிடுகிடுன்னு அடிக்கணும் அண்ணி. குளிரத்தானே போறோம்? அவ்வளவு தூரம் போய்க் குளிராம திரும்பி வரவா?"

"கேட்டீங்களா உங்க தங்கச்சி பேசுறதை?"

அண்ணன் கேட்கவில்லை. அதாவது, ஷூ நாடாவோடு ரொம்ப மும்முரமாக இருந்தான்.

அண்ணி பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி, வலது கையால் ஜிப்பை இழுத்தாள். இடது கை சின்ன வயதில் உடைந்து, சரியாகக் கூடாமல், குட்டையாகவே நின்றுபோனது. அதை மூடிக்கொண்டு கோடையிலும் ஒரு சால்வை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

குடை எடுக்க நாத்தனாரின் அறைக்குப் போனவள், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டாள். கருநீலக் கம்பளிக் கோட்டு. சலவைக் கடையின் பிளாஸ்டிக் உறையோடு. அப்படியே கூடத்துக்குத் தூக்கி வந்தாள்.

"ஓஹோ! வீரமெல்லாம் வாயிலதானா? யார் கோட்டு இது?"

நாத்தனாரின் முகம் மாறியது. "அதைத் தொடாதீங்க."

"ஏன் தொடக்கூடாது? வெளுக்கக் குடுத்த துணியை மாட்டிக்கிட்டு ஊர் சுத்தப் போறியா? திருட்டுத் துணியோட ஒரே வண்டியில நான் வரமாட்டேன். ஒண்ணு இது வீட்டுல இருக்கணும், இல்லை நான் இருக்கணும்."

"கோட்டும் வரும். நீங்களும் வருவீங்க."

"என்ன திமிருடி உனக்கு!"

"ஆமா, திமிர்தான். வெளுக்கப் போட்டவங்க திரும்பி வாங்க வராத கோட்டு. முதலாளியே எனக்குக் குடுத்தார். நம்பினா நம்புங்க, இல்லாட்டி போங்க."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன் அண்ணி. ஊருக்கே எடுத்து வச்சீங்களே, உங்களுக்கு என்ன எடுத்தீங்க?"

"எனக்கென்ன, இந்தச் சால்வை போதும்."

"பனியிலயா?"

அண்ணி சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

நாத்தனார் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். சால்வையை உருவி நாற்காலியில் போட்டாள். "ஏய், ஏய்" என்பதற்குள் கோட்டு அண்ணியின் தோளில் ஏறிவிட்டது. வலது கை நுழைந்தது. இடது கையை அண்ணி முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீட்டுங்க."

"வேணாம்டி. பாதி கை காலியாத் தொங்கும். பார்க்கிறவங்க..."

"பார்க்கட்டும். நீட்டுங்கன்னு சொல்றேன்ல!"

நீட்டினாள்.

தொங்கவில்லை. கோட்டின் அந்த ஒரு கையை மட்டும் வெட்டி, மடித்துத் தைத்து, தையல் தெரியாமல் இஸ்திரி போட்டிருந்தது. விளிம்பு அண்ணியின் மணிக்கட்டில் வந்து கச்சிதமாக நின்றது.

அண்ணி அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள். மறுபடி ஹாரன்.

அண்ணன்தான் சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான். "இதை எந்தப் பெட்டியில வைக்க?"

மாதம் முழுக்கப் பார்த்துப் பார்த்து அடுக்கிய பெட்டிகளை அண்ணி ஒரு தடவை பார்த்தாள்.

"எதிலயும் இடமில்லைங்க. அது வீட்டுலயே கிடக்கட்டும்."