ரோசம்மா ஏறும் நேரம்

மலைப்பாதை பஸ்ஸின் தரவுக் கோப்பை ஷெர்லின் தன் பஸ் நேரச் செயலியின் நிரலுக்குள் சேர்த்ததும், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் ஒரு வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டது. அதன் குணம் அது. நிரல் ஓடுவதற்கு முன்பே, ஒவ்வொரு பெட்டியிலும் சொன்ன பொருள்தான் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடும். கிளம்பும் நேரம் எண்ணாக இருக்க வேண்டும். பாறையடி நிறுத்தத்துக்கு டிரைவர், “ரோசம்மா பூக்கூடையோட ஏறினதும்” என்று எழுதி அனுப்பியிருந்தார்.

“ஆறு பத்துன்னு போட்டுடு,” என்றான் கூட வேலை செய்யும் முபாரக். “நாளையிலேருந்து செயலி சொல்ற நேரத்துக்குத்தான் வண்டி எடுக்கணும்.”

“அந்தம்மா கொஞ்சம் பிந்தி வந்தா? கூடையை நீ சந்தைக்குச் சுமந்துட்டுப் போவியா?”

அவள் டிரைவரின் வரியைத் தொடவில்லை. அந்தப் பெட்டியில் என்ன வகைப் பொருள் இருக்கலாம் என்பதைத்தான் திருத்தினாள்: நேரம் என்பது ஓர் எண், அல்லது ஓர் ஆள். சிவப்புக் கோடு மறைந்தது. உடனே வேறு இடங்களில் புதிய கோடுகள் முளைத்தன. முபாரக் தலையில் கைவைத்துக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எண்ணுக்குப் பதில் ஆள் வந்தால் இங்கே என்ன செய்வாய் என்று கம்பைலர் ஒவ்வொரு இடமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அறிவிப்புப் பலகையில் பெயரைக் காட்டச் சொன்னாள். புறப்பாட்டு மணியை அடிக்க வேண்டாம் என்றாள். கடைசிக் கோடு, வண்டியின் தாமதத்தைக் கணக்கிடும் இடத்தில் நின்றது.

“இதுக்கு என்ன சொல்லப் போறே?” என்று கேட்டான்.

அவள் விரல் வைப்பதற்குள், முபாரக் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, பூஜ்யம் என்று அடித்தான்.

“அவங்க ஏறும்போதுதானே நேரமே ஆகுது,” என்றான்.