பளபளக்கும் குழாய்

மொன்டானா துப்பாக்கிப் பட்டறையின் ஜன்னல் வெயிலில், ஆர்வில்லின் அணில் வேட்டைத் துப்பாக்கிக்கான, வெடிச்சத்தம் அடக்கும் பழைய சைலன்சரைப் பட்டறைக்காரன் டுவெய்ன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். உள்ளே ஈயம் அப்பிய தட்டுகளையெல்லாம் புதிதாக மாற்றிவிடலாம். வெளிக்குழாயில் பொறித்த நான்கு இலக்கப் பதிவு எண் மட்டும் அழியக் கூடாது, அழிந்தால் வைத்திருப்பவருக்குச் சிறை. கணவர் ஆர்வில் மகிழ்வாரென்று லொரெட்டா நேற்றுத்தான் துருப் போகத் தேய்த்து வைத்தாள்; துருவோடு எண்ணும் போய்விட்டது.

"நல்லாத்தான் தேய்ச்சிருக்கீங்கக்கா. ஜெயில்லயும் பாத்திரம் கெடக்கு," என்கிறான் டுவெய்ன். ஆர்வில் பதிவுத்தாளை விரித்துக் குழாயருகே பிடிக்கிறார். லொரெட்டா குனிந்து குழாயின்மேல் ஹாவென்று மூச்சு விடுகிறாள். ஆவி படிந்த இடத்தில் ஐந்து, ஒன்று, ஏழு என்று மங்கலாகத் தடம் தெரிகிறது. கடைசி இலக்கம் தெரியுமுன் ஆவி மறைகிறது.

"இன்னொரு தடவ ஊதுடி," என்கிறார் ஆர்வில்.

அவளுக்கு மூச்சு வரவில்லை.