பத்தொன்பது டெசிபல்

செய்முறைத் தேர்வில் எல்லோரும் பத்தொன்பது என்று எழுதிவிட்டார்கள்.

அவளுக்கும் அந்த எண் மனப்பாடம். சீனியர்களின் ரெக்கார்டு நோட்டில் பத்தொன்பது. அவர்களுடைய சீனியர்களுக்கும் பத்தொன்பது. ஆண்டெனா திருப்பி அனுப்பும் அலையின் டெசிபல் கணக்கு, இந்த ஆய்வகத்தில் வழிவழியாக வருகிற சொத்து.

அவள் முன்னால் இருந்த கருவி பதினொன்று காட்டியது.

கருவியைக் குற்றம் சொல்ல முடியாது. கேபிளின் பிழையை முதலில் கழிக்க வேண்டும். அதற்கென்று விரல் நுனி அளவில் மூன்று துண்டுகள் உண்டு. ஒவ்வொன்றாகக் கேபிள் முனையில் மாட்டிக் காட்டினால் கருவி புரிந்துகொள்ளும். மார்க்கெட்டில் கடை போட்டிருக்கும் அப்பாகூட வெறும் தராசைச் சமன் பார்க்காமல் ஒரு கத்தரிக்காயை நிறுக்க மாட்டார்.

துண்டுகள் பீரோவில் இருந்தன. விலை அப்படி. கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் உற்சவர் மாதிரி வெளியே வந்து, காட்சி தந்துவிட்டு உள்ளே போய்விடும்.

எழுந்து நின்றாள்.

"சார், பீரோவுல இருக்க கேலிபரேஷன் கிட் வேணும்."

பேராசிரியர் அருணகிரி, வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். குரலைத் தணித்தார்.

"எல்லாரும் எழுதிட்டாங்கல்லா இசக்கியம்மா? நீயும் எழுதிட்டுப் போயேன். ஃபெயிலாயிருவ, பாத்துக்க."

அரியர் விழுந்தால், கேம்பஸில் கிடைத்த வேலை கைவிட்டுப் போகும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பதினொன்று தப்பு. பத்தொன்பது யாருமே அளக்காதது. அதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

"கிட் இல்லாம எழுத மாட்டேன் சார்."

தேர்வாளர் நிமிர்ந்தார். "குடுங்க சார்."

சாவி வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது.

பெட்டி திறந்தது. வெல்வெட்டில் மூன்று துண்டுகள். மூன்றின் மேலும் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. மூடியில் வாங்கிய தேதி.

ஒன்பது வருடம்.

நகத்தால் உறையைக் கிழித்தாள். ஆய்வகமே திரும்பிப் பார்த்தது.

மாட்டினாள். கழற்றினாள். அடுத்ததை மாட்டினாள். மூன்றும் முடிந்தது.

பிறகு ஆண்டெனா.

இருபத்து மூன்று புள்ளி நான்கு.

எழுதினாள். தேர்வாளர் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். மற்றத் தாள்களைப் புரட்டினார்.

பத்தொன்பது. பத்தொன்பது. பத்தொன்பது.

தாள்களை மூடி வைத்தார். ஜன்னலோரம் போய், தன் கல்லூரிக்குப் போன் போட்டார்.

"நம்ம லேப் பீரோ சாவி யாருகிட்ட இருக்கு?"