உருண்டை குலையாத துளி

கேட்பவர்களே, உங்களைப் புகழ்ந்து தலைமேல் தூக்கி வைத்தவர்களுள், நீங்கள் சரிந்தபோது பிடித்துக்கொண்டவர் எத்தனை பேர்?

கோடையில் ஒரு தோட்டக் குழாயின் வாயில் நீர்த்துளி ஒன்று தொங்கிற்று. கீழே ஒருபுறம் உடைந்த செங்கல். அதன் கசிவை நம்பி ஒட்டி நின்றது வாடிய அவரைக் கன்று. மறுபுறம் அகன்ற சேம்பிலை.

"இங்கே விழு, தம்பி," என்றது செங்கல். "என் உடம்பெல்லாம் பள்ளமும் பொந்தும். உன்னை இழுத்துப் பரப்பிக் கன்றின் வேருக்கு அனுப்பிவிடுவேன். ஆனால் உன் உருண்டை போய்விடும்; பொய் சொல்லமாட்டேன்."

துளிக்கோ தன் உருண்டைமேல்தான் உயிர்.

சேம்பிலை சிரித்தது. "முத்தே, அந்த முரடனிடமா போவாய்? என் மேனியும் கண்ணுக்குத் தெரியாத மேடுகளால் சொரசொரப்புதான். ஆனால் ஒவ்வொரு மேட்டுக்கும் மெழுகு பூசி வைத்திருக்கிறேன். உன் வடிவம் இம்மியும் கலையாது."

"அண்ணா, எனக்குத் தாகம்," என்றது கன்று.

"சற்றுப் பொறு. ஒரு நாளாவது முத்தாக இருந்துவிட்டு வருகிறேன்," என்று துளி காற்றோடு சாய்ந்து இலைமேல் குதித்தது. ஆயிரம் நுண்மேடுகள் அதை நுனியில் ஏந்தின. ஒன்றுகூட அதைப் பற்றவில்லை. அடுத்த காற்றில் இலை சாய்ந்தது.

"பிடித்துக்கொள்!" என்று அலறியது துளி.

"நனைவது எனக்குப் பழக்கமில்லையே, முத்தே," என்றது இலை.

இலையிலிருந்து உருண்டு, அடியில் வெயிலில் கொதித்துக் கிடந்த கருங்கல்லில் விழுந்த துளி ஆவியாயிற்று.

குழாயில் அடுத்த துளி திரண்டது. இலை அதையும் "முத்தே" என்று அழைத்தது. கன்று தன் கடைசித் தளிர் சுருளச் சுருளக் கெஞ்சியது: "அண்ணா, அழகை நாளை பார்த்துக்கொள்ளலாம். எனக்கு நாளை இல்லை. இன்றே, இப்போதே, செங்கல்மேல் விழுந்துவிடுங்கள்!"