அப்பாவின் சர்க்கரை நோட்டு

செப்டம்பர் 12, வியாழன்.

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை. 'அப்பா திருட்டுத்தனமாகத் தின்கிறார்' என்பதைப் பேனாவில் எழுதிவிட்டேன். உறுதியாகத் தெரியாததைப் பென்சிலில்தான் எழுத வேண்டும் என்பது நானே போட்டுக்கொண்ட விதி.

ஆனால் எழுதக் காரணம் இருந்தது.

பத்து வாரங்களுக்கு முன் அப்பாவுக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து. மருத்துவர் மூன்று மாதம் கெடு கொடுத்தார். மாத்திரையோடு பாதிச் சோறு, நடை, யோகாசனம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் அளந்து, ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுவர வேண்டும். குறையாவிட்டால் இன்சுலின் ஊசி.

பள்ளிப் பேருந்தில் அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற அப்பா, ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் மருத்துவரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

விரலில் குத்தும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு. நான் ஆய்வக உதவியாளர் படிப்புக்கு மாலை வகுப்பு போகிறேன். நானே குத்துகிறேன் என்றேன்.

"நீ இன்னும் கத்துக்குட்டி. என் விரல் என்ன உன் பரீட்சைப் பேப்பரா?" என்றார் அப்பா.

அதனால் எனக்கு எழுதும் வேலை. அம்மா உள்ளேயிருந்து எண்ணைச் சொல்வாள். நான் எழுதுவேன்.

முதல் வாரமே நூற்று இருபத்தெட்டு. எல்லாம் யோகாவின் மகிமை என்றார்கள். அப்பா எதிர்வீட்டுக்காரருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கவே ஆரம்பித்துவிட்டார்.

பிறகு ஏறத் தொடங்கியது. நூற்று நாற்பது. நூற்று அறுபத்தைந்து. நேற்று நூற்று எண்பத்திரண்டு.

அப்பாவின் உடம்போ இளைத்திருந்தது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். எண் மட்டும் ஏறியது.

நான் பிஸ்கட் ஜாடியின் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்தேன். மூன்றே நாளில் பிஸ்கட் கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. நேற்று ஜாடியைக் கொண்டுபோய் அப்பாவின் முன்னால் வைத்தேன்.

அவர் ஒரு நொடி அம்மாவைப் பார்த்தார்.

"ஆமா இன்ஸ்பெக்டர், நான்தான் தின்னேன். கேஸை முடிச்சிரு" என்றார்.

சிவப்பு விளக்கைத் தாண்டி வந்ததைக்கூட ஒத்துக்கொள்ளாத மனிதர். இதை இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது உறுத்தியது. எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான் என்று என்னையே கடிந்துகொண்டு வகுப்புக்குப் போனேன்.

வகுப்பில் ஒருவர் விரலில் மற்றவர் குத்திப் பழகினோம். விரல் நுனியின் நடுவில் கூடாது, பக்கவாட்டில் குத்த வேண்டும். ஒரே குத்துதான். இன்று விடிந்தும் என் மோதிர விரலில் சின்னக் கறுப்புப் புள்ளி போகவில்லை.

காலை ஆறரை மணி. நூற்று எண்பத்தாறு என்று அம்மா சொல்லி, நான் எழுதியாயிற்று. அப்பா கூடத்தில் பாயில் சம்மணமிட்டுக் கண்களை மூடியிருந்தார். முழங்கால்களின் மேல் கைகள். உள்ளங்கைகள் மேலே பார்த்தபடி விரிந்திருந்தன.

நான் பாயருகே குனிந்து பத்து விரல்களையும் பார்த்தேன்.

ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள். எழுபது நாள் குத்தியிருக்கிறார்கள். ஒரு விரலில்கூட ஒரு புள்ளி இல்லை.

அப்படியானால் எண்ணே பொய். இருவரும் கூட்டுச் சேர்ந்து வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் பொய் சொல்கிறவர்கள் இறங்குகிற எண்ணைத்தானே சொல்வார்கள்?

அப்பாவின் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விரித்திருந்தது. நான்கு நாளாக அப்பா அதை விரித்துவைத்து, "நீயும் வந்து உட்காரேன்" என்று அம்மாவைக் கூப்பிடுகிறார். துணைக்கு ஆள் தேடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

அம்மா போகவில்லை. தையல் மெஷினில் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தேநீரும் நான்கு பிஸ்கட்டும். இரண்டு அவளுடையது, இரண்டு அப்பா விட்டுவிட்டது. அப்பா விட்ட பாதிச் சோறும் அப்படித்தான், வீணாகக் கூடாது என்று அவள் தட்டுக்குப் போய்விடுகிறது. பத்து வாரமாக என் கண்ணெதிரில் நடக்கிறது. நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

தைக்கிறவர்களுக்கு ஊசி ஆள்காட்டி விரலில் குத்தும், கட்டைவிரலில் குத்தும். அம்மாவின் மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும், பக்கவாட்டில், வரிசையாகப் புள்ளிகள்.

"கையைக் காட்டும்மா."

மெஷின் நின்றது.

"உங்கப்பாவுக்கு ஊசியப் பார்த்தாலே தலை சுத்துது. எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேன்னு என் விரலைக் கொடுத்தேன்" என்றாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஏற ஆரம்பிச்சதும் சொல்லப் பயமாயிடுச்சுடி."

கூடத்தில் அப்பா கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு விடுவதையும் நிறுத்தியிருந்தார்.

நோட்டின் அட்டையில் இருந்த 'அப்பா' என்பதை அடித்துவிட்டு 'அம்மா' என்று எழுதினேன். பேனாவில்.

நாளை: ஆறரை மணிக்கு அம்மாவை வெறும் வயிற்றில் ஆய்வகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்கு முன் அப்பாவின் விரலில் நான் குத்த வேண்டும். கைப்பிடி உள்ள நாற்காலியைக் கூடத்தில் எடுத்துப் போட வேண்டும்.